மொட்டைக் கோபுரமும் ஒரு டப்பா நெகட்டிவ்களும்

செமஸ்டர் தேர்வு முடிந்து எழுத உட்கார்ந்தால், மனதில் இருந்த மூன்று தலைப்புகளையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா பின்னுக்குத் தள்ளிவிட்டது. எனவே இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை. நீளம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தாத்தா வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்த டப்பா கிடைத்தது. உள்ளே பிரிண்ட் ஒன்றுகூட இல்லை, எல்லாம் நெகட்டிவ். வெண்ணெய்த்தாள் உறைகளில் சதுரம் சதுரமாக, மூன்று மூன்றாக வெட்டிய துண்டுகள். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு அக்பா கிளிக் 3 கேமரா இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதில் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு துண்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். சாலை ஓரத்தில் ஒரு மைல்கல் மேல் மூன்று வயதுக் குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "இது உங்கப்பன்தான்டா. 1977, வெள்ளம் வந்த வருஷம்" என்றார் பெரியப்பா. அப்பா 1974ல் பிறந்தவர், கணக்கு சரியாக வந்தது. பாட்டி கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று கொடுத்துவிட்டார். அன்றைக்கு விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அந்தப் படம் 1977ல் எடுத்ததே இல்லை. அது எப்படித் தெரிந்தது என்று சொல்வதற்கு முன் 1858க்குப் போய்வர வேண்டும்.

கேப்டன் வந்த கதை

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் முதன்முதலில் விரிவாகப் படம் பிடித்தவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப். 1822ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. விடுமுறையில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855ல் பர்மா மன்னர் மிண்டோனிடம் கம்பெனி அனுப்பிய தூதுக்குழுவோடு போய் அங்கேயும் எடுத்தார். அதன் பிறகு மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

கம்பெனிக்கு ஏன் இந்த அக்கறை? பழங்கால நினைவுச்சின்னங்களை ஓவியர்கள் வரைந்து பதிவு செய்வதற்குச் செலவும் காலமும் அதிகமாயின. அதைவிடப் புகைப்படம் துல்லியமானது என்று 1855 வாக்கில் கம்பெனியின் இயக்குநர்கள் முடிவுக்கு வந்திருந்தார்கள். ஊரைத் தெரிந்துவைத்துக்கொள்வது ஆள்பவனுக்கு எப்போதும் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டையும் குன்றும் ராணுவ அதிகாரியின் கண்ணில் முதலில் படுவதில் வியப்பில்லை.

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சேலம் மாவட்டம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுமார் நாலரை மாதப் பயணம். வடக்கே சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்கவில்லை. திருச்சிக்கு ரயில் வந்ததே 1862ல்தான். ஆகவே கேமரா, ரசாயனம், காகிதம், கூடாரம் எல்லாம் மாட்டு வண்டியில்தான் வந்தன.

அவர் பயன்படுத்தியது நாம் நினைக்கிற பிலிம் இல்லை, காகிதம். 1851ல் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். நல்ல காகிதத்தில் தேன்மெழுகை ஊறவைத்து ஒளி ஊடுருவும்படி செய்துகொள்ள வேண்டும். பிறகு அதில் அயோடைடு உப்புகளும் வெள்ளி நைட்ரேட்டும் ஏற்றினால் அந்தத் தாளே நெகட்டிவ் ஆகிவிடும். அப்போது பரவலாக இருந்த இன்னொரு முறை கண்ணாடித் தகடு. தகட்டில் கொலோடியன் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவவும் வேண்டும். நம்மூர் வெயிலில் அது பெரும் பாடு. மெழுகுத்தாளோ முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம், படமெடுத்த பிறகும் பொறுமையாகக் கழுவலாம். மாட்டு வண்டிப் பயணத்துக்கு ஏற்ற தொழில்நுட்பம் இது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு படத்துக்குக் கேமராவின் மூடியைத் திறந்துவைத்து நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அசையாத கல் அழகாகப் பதியும். அசைகிற மனிதர் பதியவே மாட்டார். நடந்து போகிறவர், குடம் எடுத்துப் போகிற பெண், மாடு, கொடி எல்லாம் கரைந்து போய்விடும்.

ஆகவே டிரைப் எடுத்த திருச்சிப் படங்களைப் பார்க்கும்போது ஒரு விநோத உணர்வு வரும். மலைக்கோட்டை இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கின்றன. ஆனால் ஊரில் ஆளே இல்லாதது போலத் தோன்றும். பெருமாளைச் சேவிக்க ஒருவர்கூட வராத ஸ்ரீரங்கத்தை யாராவது நம்புவார்களா? அந்தக் காகிதத்துக்கு அவர்களைப் பிடிக்கும் வேகம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும். அதனால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகத்தான் வரும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? பல நெகட்டிவ்களில் தன் கையாலேயே மேகங்களை வரைந்து சேர்த்தார். மரங்களின் இலைகளையும் சீர்செய்தார். போட்டோஷாப்பைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும், அந்த வேலை 1858லேயே நடந்திருக்கிறது.

எடுத்தவருக்கே தெரியாதது

இந்தப் பயணத்தில் டிரைப் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அது நடந்தது திருச்சியில் இல்லை, பக்கத்துத் தஞ்சாவூரில். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் 21 நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். மொத்த நீளம் சுமார் 19 அடி.

அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று டிரைப்புக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் இல்லை, கோயிலைக் கட்டியது யார் என்பதே அன்றைக்கு ஆய்வாளர்களுக்கு உறுதியாகத் தெரியாது. 1880களில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் முதலாம் ராஜராஜன் கட்டிய கோயில் என்று நிலைநாட்டப்பட்டது. அதாவது அந்தச் செய்தி கல்லில் இருந்தது, டிரைப்பின் படத்திலும் இருந்தது. ஆனால் படமெடுத்தவருக்கு அது தெரியாது.

ஓவியர் தனக்குத் தெரிந்ததைத்தான் வரைவார். 1792ல் திருச்சிக்கு வந்து மலைக்கோட்டையை வரைந்த டேனியல் ஓவியர்களை (தாமஸ், அவர் சகோதரர் மகன் வில்லியம்) எடுத்துக்கொண்டால், தேவையில்லை என்று நினைத்ததை அவர்களால் விட்டுவிட முடியும். கேமராவுக்கு அந்தத் தேர்வு கிடையாது. லென்சுக்கு முன்னால் அசையாமல் இருப்பதை எல்லாம், எடுக்கிறவர் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும், அது எழுதிவைத்துவிடும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் சிக்கனப் பேர்வழி. அரசாங்கச் செலவில் புகைப்படம் எடுப்பதை ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். 1860ல் டிரைப்பின் படக்கூடம் மூடப்பட்டது. அவர் 1902ல் இறந்தார். 2015ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது.

அவருக்குப் பின் வந்தவர்கள் கண்ணாடித் தகட்டுக்கு மாறினார்கள். 1867-68ல் எட்மண்ட் டேவிட் லயன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அரசாங்கத்துக்காகத் தென்னாட்டுக் கோயில்களை எடுத்தார். 1869 வாக்கில் சாமுவேல் போர்ன் வந்தார். இமயமலைக்குப் பல டஜன் சுமைதூக்கிகளோடு போய்ப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர் அவர். எல்லோரும் எடுத்தது ஏறக்குறைய ஒரே பட்டியல்: மலைக்கோட்டை, தெப்பக்குளம், ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள். வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். உத்திர வீதியின் ஒரு சாதாரண வீட்டையோ, உய்யக்கொண்டான் கால்வாய்க் கரையின் ஒரு வாழைத் தோட்டத்தையோ காசு கொடுத்து வாங்க லண்டனில் யார் இருந்தார்கள்?

ஆனாலும் இந்தப் படங்களில் ஒன்று நம் கதைக்கு முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் எடுத்த எந்தப் படத்திலும் ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் இன்றைய உருவில் இருக்காது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தொடங்கி நின்றுபோன கல் அடித்தளம் மட்டும் தட்டையாக நிற்கும். ராயகோபுரம் என்பது அதன் பெயர், ஊரில் சொன்னது மொட்டைக் கோபுரம். அது அப்படியே பல தலைமுறைகள் நின்றது. அஹோபில மடத்தின் 44ஆவது பட்டம் அழகிய சிங்கர் முயற்சியில் 1979ல் மேல் வேலை தொடங்கி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. 13 நிலைகள், 236 அடி உயரம். இன்று டவுனிலிருந்து காவிரிப் பாலம் ஏறினாலே கண்ணில் படுகிற அந்தக் கோபுரத்தின் மேல்பகுதி என் பெரியப்பாவைவிட வயதில் சின்னது!

பத்தடி தள்ளி நில்

சரி, இப்போது தாத்தாவின் கேமராவுக்கு வருவோம்.

1888ல் ஈஸ்ட்மன் சுருள் வைத்த கோடக் கேமராவை விற்கத் தொடங்கினார். 1900ல் வந்த பிரவுனி கேமரா அதை மேலும் மலிவாக்கியது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கேமரா என்ற பொருள் கைக்கு எட்டியது 1960களிலும் 70களிலும்தான். அதில் பெரும்பங்கு அக்பா கிளிக் 3க்கு உண்டு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள், ஒவ்வொரு நெகட்டிவும் 6 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர்.

பிலிமும் உள்நாட்டில் வந்தது. ஊட்டியில் 1960ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. தயாரிப்பின் பெயர் இந்து (நிலவு என்று பொருள்). பிலிம் தயாரிக்கத் தூசி குறைந்த குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் ஊட்டி. ஒருகாலத்தில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே முதல் கல்யாண போட்டோ வரை இந்து பிலிம்தான். பிறகு 1996ல் நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டலும் வந்துசேர, ஆலை மூடப்பட்டது.

கிளிக் 3ஐக் கையில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஃபோகஸ் செய்ய வழியில்லை. வெயில், மேகம் என்று இரண்டு அடையாளங்கள், அவ்வளவுதான். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட கேமராவுக்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி, சூரியன் எடுக்கிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். (அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் ஏன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?) இரண்டாவது விதி, ஆள் சுமார் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வந்தால் முகம் மங்கும்.

இந்த இரண்டாவது விதிதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய வரலாற்றுச் சம்பவம்.

ஏனென்றால் பத்தடி தள்ளி நிற்கும் ஒரு குழந்தையைச் சதுரப் படத்தில் எடுத்தால், குழந்தை படத்தில் சின்னப் பங்குதான். மீதி எல்லாம் தெரு. தாத்தா எடுக்க நினைத்தது பிள்ளைகளை. கேமரா எடுத்தது பிள்ளைகளையும், அவர்களுக்குப் பின்னால் இருந்த திண்ணையையும், மரத்தூணையும், ஓட்டுக் கூரையையும், சாய்த்துவைத்த சைக்கிளையும், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரையும். டிரைப் கோபுரத்தை எடுத்தார், ஆள் விட்டுப்போனது. தாத்தா ஆளை எடுத்தார், ஊர் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்ரீரங்கத்தின் சாதாரண வீதிகளையும் காவிரிக்கரைக் கிராமங்களையும் பதிவு செய்தவர்கள் போர்னும் லயனும் இல்லை. பத்தடி தள்ளி நிற்கச் சொன்ன தாத்தாக்களும் மாமாக்களும்தான்.

டப்பாவில் இருந்த நெகட்டிவ்கள் மொத்தம் 94. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவற்றில் சில:

முக்கொம்பில் குடும்பத்தோடு கட்டுச்சாதம். பின்னால் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் வரிசையாக நிற்கின்றன. 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இது. 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் அந்த மதகுகளில் 9 இடிந்து போயின. பிறகு புதிய கதவணை வந்துவிட்டது. படத்தில் அத்தை சாய்ந்து நிற்கும் அந்த இடம் இப்போது அப்படி இல்லை.

கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் மேல் தாத்தாவின் நண்பர் ஒருவர் சைக்கிளோடு. 1928ல் கட்டிய பாலம். 2016ல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு போக்குவரத்து நின்றது. அதே 2018 வெள்ளத்தில் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது.

ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத் தோப்பு, வாய்க்கால், தூரத்தில் புகைவண்டி. இதில் ஆளே இல்லை. 12 படம் மட்டுமே உள்ள ரோலில் ஒன்றைத் தாத்தா வெறும் வயலுக்காகச் செலவழித்திருக்கிறார். ஏன் என்று கேட்க அவர் இல்லை.

அம்மாமண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம். இதில் பாதிப் பேர் அசைந்து மங்கிவிட்டார்கள். டிரைப் காலத்தில் இருந்திருந்தால் மொத்தமாகவே காணாமல் போயிருப்பார்கள்.

கோபுரம் சொன்ன சாட்சி

இப்போது அந்த மைல்கல் படம்.

நெகட்டிவை டியூப்லைட்டில் பார்க்கும்போது குழந்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும்போது மற்றது எதுவும் மனதில் ஏறாது. அதைப் படமெடுத்து, நிறத்தைத் திருப்பி, கணினியில் பெரிதாக்கியபோது பின்னணி தெரிந்தது. அம்மாமண்டபம் சாலை. சாலையின் கோடியில், பனிமூட்டம் போல, ராஜகோபுரம். ஆனால் முழுக் கோபுரம் இல்லை. சுற்றிலும் சாரம் கட்டியிருக்கிறது, உச்சி இல்லை.

19ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழைய கல் அடித்தளம் எங்கே முடிகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. தாத்தா படத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே பல நிலைகள் எழும்பியிருந்தன. அப்படியானால் இந்தப் படம் 1979க்குப் பிறகு, வேலை நன்றாக முன்னேறிய பிறகு, 1987க்கு முன் எடுத்தது. 1977 என்பதற்கு வாய்ப்பே இல்லை. பெரியப்பா சொன்ன வெள்ள ஆண்டில் அந்த இடத்தில் வெறும் மொட்டைக் கோபுரம்தான் நின்றிருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு துப்பறியும் நிபுணரின் பெருமிதம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த கேள்வி வந்ததும் அது போய்விட்டது. 1980களில் என் அப்பாவுக்கு ஏழெட்டு வயதாவது இருக்கும். மைல்கல் மேல் இருப்பது மூன்று வயதுக் குழந்தை. அப்படியானால் அது யார்?

படத்தின் இடது ஓரத்தை மேலும் பெரிதாக்கினேன். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, ஓடுகிற வேகத்தில் மங்கலாக. அந்தக் காதை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். அதுதான் என் அப்பா.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். 1980ல் பிறந்து 1984ல் காய்ச்சலில் இறந்துவிட்டார். வீட்டில் அவரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் பாட்டி ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: "அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லையே."

போட்டோ இருந்திருக்கிறது, பிரிண்ட்தான் இல்லை. ஏன் போடவில்லை என்பதை இப்போது ஊகிக்க முடிகிறது. அந்தக் காலத்தில் ரோலைக் கழுவக் கொடுத்து, நெகட்டிவைப் பார்த்து, நன்றாக வந்ததை மட்டும்தான் பிரிண்ட் போடுவார்கள். பன்னிரண்டுக்கும் போடக் காசு ஏது? ஒரு பையன் ஓரத்தில் வெட்டுப்பட்டு மங்கலாக இருக்கும் படத்தை யாரும் பிரிண்ட் போட மாட்டார்கள். இன்னொரு நாள் நல்லதாக எடுத்துக்கொள்ளலாம் என்று தாத்தா நினைத்திருப்பார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. பிறகு அவருக்கு அந்த உறையைப் பிரிக்க மனம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதை எப்படிப் பாட்டியிடம் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். "நான்தான் ஓடிட்டேன். நில்லுடான்னு அப்பா கத்தினது ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு அவரே பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்ப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி படத்தை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் முதலில் சட்டையைப் பார்த்தார். "இது நான் தைச்சது" என்றார். அன்று மாலைவரை வேறு எதுவும் பேசவில்லை. இப்போது அந்தப் படம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

படமெடுத்த தாத்தா கோபுரத்தைக் கவனித்திருக்க மாட்டார். கட்டுமான வேலை பல வருடமாக நடந்துகொண்டிருந்தது, யார் அதைப் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் கோபுரம் பின்னால் வந்து நிற்காவிட்டால், இந்தக் குழந்தையை இன்னும் நாங்கள் என் அப்பா என்றே சொல்லிக்கொண்டிருப்போம். தஞ்சாவூர்க் கல்வெட்டை டிரைப் எடுத்தது போலத்தான்.

எங்கே போகின்றன நெகட்டிவ்கள்?

எங்கள் டப்பா தப்பியது அதிர்ஷ்டம். இதே ஊரில் இன்னொரு கதையும் கேள்விப்பட்டேன். தாத்தா ரோல் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். (பெயர் வேண்டாம், அவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை.) கடை இப்போது செல்போன் உதிரிபாகக் கடை. பழைய உரிமையாளரின் மகன் நன்றாகப் பேசினார். இடம் மாற்றும்போது பல ஆண்டு நெகட்டிவ்களை மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படத்தை உண்டாக்குவது வெள்ளித் துகள்தான், அதைப் பிரித்தெடுக்க வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு ஊரின் கல்யாணங்களும், பள்ளிக்கூடக் குழுப் படங்களும், முதல் மொட்டைகளும் வெள்ளியின் விலைக்குப் போய்விட்டன. வாடகை கொடுக்கிறவருக்கு அந்த மூட்டை ஒரு பாரம்தான் என்பதும் உண்மை.

வீட்டில் இருப்பவையும் தானாகவே அழிகின்றன. பெரும்பாலான பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசனை அடித்தால் சிதைவு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிலிம் சுருங்கும், சுருளும், கடைசியில் உடையும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவவும் செய்யும். காவிரிக் கரை வீட்டுப் பரணில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவா என்ன? 70, 80களின் கலர் பிரிண்டுகள் சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் வெளுக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவின் வெள்ளி அதைவிட நீண்ட நாள் தாங்கும், அடித்தளம் தாங்கினால்.

காப்பாற்ற ஸ்கேனர் கட்டாயம் இல்லை. நான் செய்தது இதுதான். ஒரு செல்போனில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தேன். திரையின் புள்ளிகள் தெரியாமல் இருக்க அதற்கு மேல் ஒரு கண்ணாடி, கொஞ்சம் இடைவெளி. அதன் மேல் நெகட்டிவ். இன்னொரு செல்போனால் நேர் மேலிருந்து படமெடுத்து, எடிட்டிங்கில் நிறத்தைத் திருப்பினால் படம் கிடைத்துவிடும். விளிம்பை மட்டும் பிடியுங்கள், விரல் ரேகை படக்கூடாது. தண்ணீரால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையை விட்டுக் காகித உறையில் வையுங்கள். படம் எடுத்த பிறகும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்து யார், எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் ஆண்டை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். :-)

கடைசியாக ஒன்று. தாத்தாவின் கிளிக் 3க்கு 120 ரோல் இன்னும் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கசக்கும். ஒன்று வாங்கிப் போட்டு, ஜீயபுரம் பக்கம் போய் அந்த வாழைத் தோப்பைத் தேடினேன். வாய்க்கால் இருக்கிறது, தோப்பில் பாதி இருக்கிறது, மீதி வீட்டுமனை. 12ல் 7 படங்கள்தான் தேறின. அதில் ஒன்றில் என் தங்கை பத்தடி தள்ளி நிற்கிறாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. தேறாத 5 நெகட்டிவ்களையும் சேர்த்து அதே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.